மூன்றாவது கூப்பிடலுக்கு வந்த ஆஜர்

போன வாரம் ஒரு உறவுக்காரருக்குச் சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு பெட்டி. அதில் பெயர்கள் சிவப்பு எழுத்தில் ஓடுகின்றன. கூப்பிட ஆள் இல்லை. "டவாலி எங்கேங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், மணமேல்குடிக் கடற்கரை வழக்குகள் வந்து சேர்கிற ஒரு சின்னக் கோர்ட்டில் நான் குமாஸ்தா. டவாலி முத்தையா வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதற்கும் 'ஆஜர்' என்று குரல் வராவிட்டால் தீர்ப்பு எதிராளி பக்கம்தான். நான் தலை நிமிராமல் காதால் கேட்டுக் கையால் எழுதுகிறவன். அதைச் சுறுசுறுப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல் அரபி என்று சொன்னவர் காதர் அஜரத்து. கடலோரப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவர், என் வயதுக்காரர், டீக்கடைச் சிநேகிதர்.

"ஹ, ள, ர. இந்த மூணும் சேந்து வந்தா, முன்னால வந்து நிக்கிறதுன்னு அர்த்தம் சார்."

ஹாளிர் நம் வாயில் ஆஜராயிற்றாம். மஹ்ளர், போலீஸ்காரர் எழுதுகிற மகஜர். ஹள்ரத் என்றால் பெரியவர்களின் முன்னிலை; அதுதான் அஜரத்து. "அப்ப உங்களைக் கூப்பிடவே வேண்டாம், எப்பவும் ஆஜர்தான்" என்று கிண்டலடித்தேன். சிரித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாகக் கெடக்குற மனுசனை முஹ்தளர்னு சொல்லுவோம். மௌத்து அவன் முன்னால வந்து நிக்கிதுன்னு."

நான் பாதி டீயோடு எழுந்துவிட்டேன்.

ஆயிஷாவைக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். அவள் புருஷன் சுல்தான் தோணிக்காரர். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. குடியிருந்த வீட்டைக் கேட்டு அவருடைய சித்தப்பா மகன் வழக்குப் போட்டிருந்தான். கடைசி வாய்தா அது. சுல்தான் வராவிட்டால் அவளும் மூன்று பெண்பிள்ளைகளும் தெருவில்தான்.

முத்தையா இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. மூன்றாவது முறை, வராந்தாவிலிருந்து "ஆஜர்" என்று கேட்டது. நான் எழுதிவிட்டேன்.

ஆள் உள்ளே வரவில்லை. முத்தையா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எசமான், கொரல் கேட்டுச்சு. ஆளைக் காணோம்." ஜட்ஜும் கேட்டிருக்கிறார். ஒரு மாதம் வாய்தா கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல்கூட ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாம் நாள் சுல்தான் கரை ஒதுங்கினார். பத்து நாளாவது தண்ணீரில் கிடந்த உடல் என்று மகஜரில் இருந்தது. அதை நகலெடுத்தவன் நான்தான். தப்புத் தப்பாக எழுதி இரண்டு தாள் வீணாயிற்று. பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆயிஷாவை வாரிசாகச் சேர்த்து வழக்கு நடந்தது. வீடு அவளுக்கே நின்றது. தீர்ப்பன்று என் மேசைக்கு வந்தாள்.

"சார், அன்னைக்கி எல்லாருக்கும் கேட்டுச்சாமே. நானும் அங்கிட்டுத்தான நின்னேன். எனக்கு மட்டும் கேக்கல."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவுக கொரல் எப்புடி இருந்துச்சு? தெம்பா இருந்துச்சா?"

"தெம்பாத்தான் இருந்துச்சும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

முத்தையா, ஜட்ஜ், அஜரத்து, யாரும் இன்று இல்லை. அந்தக் குரலைக் கேட்டவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி. சொல்லைத்தான் எழுதினேன்; அது எப்படி இருந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியாது.