வாய்க்காலில் வந்த வெள்ளைத் தண்ணீர்

மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் பள்ளிக்கூட வாசல் வாய்க்காலில் என்னென்ன வந்து சேருகிறது என்று பிள்ளைகள் நடந்து பார்க்கப் போகிறார்கள், துணைக்கு ஒரு அம்மா வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவியல் மிஸ் கேட்டார். பக்கத்தில் இருந்த என் மகள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சுற்றுச்சூழல் மன்றத்துக்கு அவள்தான் லீடர். புதிதாகக் கொடுத்த பேட்ஜைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்றவள். அவள் முகத்தைப் பார்த்து, மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

எங்கள் வீடும் பள்ளி இருக்கிற முத்தியால்பேட்டையில்தான், அதற்கு மேற்கே சில தெருக்கள் தள்ளி. வாசலில் 'இட்லி தோசை மாவு கிடைக்கும்' என்று போர்டு தொங்கும். நானும் வீட்டுக்காரரும் ஆட்டி விற்கிறோம். கிரைண்டர் கழுவிய தண்ணீரை வாசல் வாய்க்காலில் ஊற்றிவிடுவோம். வாய்க்கால் எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், இதற்குத்தான் என்று சொல்லியிருப்பேன்.

நடந்து பார்க்கப் போன அன்று மழையே இல்லை, ஆனாலும் பள்ளி வாசல் வாய்க்காலில் வெள்ளையாக ஒரு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பால் என்றாள் ஒருத்தி. சாக்பீஸ் தூள் என்றாள் இன்னொருத்தி. சுண்ணாம்பாக இருக்கும் என்றார்கள்.

"மழைத்தண்ணி மட்டுந்தான் இதுல போவணும். நேரா கடலுக்குப் போவுது இது," என்றார் மிஸ். "எங்கேர்ந்து வருதுன்னு புடிச்சிக்கிட்டே போலாம், வாங்க."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் புளித்த வாடை என் புடவையிலேயே இருக்கிறது. மகளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பே பின்னால் வர, லீடர் எல்லோரையும் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள்.

நடக்கும்போது மிஸ் சும்மா பேச்சுக்குக் கேட்டார். "உங்க வீடு எந்தப் பக்கம்மா?" இந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். பிள்ளைகளும் வேனில் தூரத்திலிருந்து வருகிறவர்கள். யாருக்கும் தெரியாது.

"சாரம் மிஸ்," என்று ஊரின் இன்னொரு மூலையைச் சொன்னேன்.

மகள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்தாள்.

தெருமுனையில் ஒரு சொல்தா தாத்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம்தான் மாவு வாங்குவார். லீடர்தானே கேட்க வேண்டும், கேட்டாள். "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா தாத்தா?"

அவர் அவளைப் பார்த்தார், பேட்ஜைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பர்தோன், மன்னிச்சிக்க பாப்பா, எனக்குக் கண்ணு சரியா தெரியறதில்ல," என்றார். முதல்நாள்தான் மாவில் கிடந்த ஒரு எறும்பைக் கண்டுபிடித்து என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர்.

போகப் போகத் தண்ணீர் கெட்டியாக வெளுத்தது. "வெயில் ஏறுது மிஸ், இத்தோட போதுமே," என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா," என்றார் அவர். பிள்ளைகளோ திருடனைப் பிடிக்கப் போகிற வேகத்தில் இருந்தார்கள்.

எங்கள் வாசலில் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லாததால் கழுவுகிற வேலை அவர் தலையில். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அங்கிள், இதுல ஊத்தாதீங்க. கடலுக்குப் போற தண்ணி இது."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அவர் அவளையே பார்த்தார். பிறகு பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரிங்கம்மா," என்றார். "தெரியாம ஊத்திட்டேன். இனிமே ஊத்தல."

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். மகளுக்கும் கொடுத்தார். கடைசியாக என்னிடம் நீட்டினார். "நீங்களும் குடிங்க மேடம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. என் வீட்டுச் சொம்பை ஊரார் மாதிரி வாங்கிக் குடித்தேன். "எவ்ளோ தன்மையான மனுஷர் பாருங்க," என்றார் மிஸ். ஆமாம் என்றேன். அதையும் சொன்னேன்.

வாய்க்காலில் ஊற்றியதற்கு வெட்கப்பட்டுத் தீர்த்துவிடலாம். பக்கெட்டை வேறு பக்கம் சாய்த்தால் ஆயிற்று. ஆனால் சாரம் என்று சொன்னது என் வாய். அம்மா பொய்க்காரி ஆகிவிடக் கூடாதென்று அந்தப் பிள்ளை அப்பாவை விட்டுக்கொடுத்துவிட்டாள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலம் அவர் கொல்லையில் முருங்கை மரத்தடியில் பள்ளம் வெட்டிக் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டிருந்தார். தோசை வார்த்துக்கொண்டிருந்த நான் மகளிடம், "அப்பாவச் சாப்பிடக் கூப்பிடு," என்றேன்.

பின்வாசல் வரை போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா என்று உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கல்லில் தோசை கருகியது.

அவராகவே திரும்பிப் பார்த்தார். "தோ வர்றேம்மா," என்றார்.