எண்பதில் முள், முந்திப் போன பஸ்

அந்தக் காரை நாங்கள் இருவரும் ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வோம். ஊர் சிரிக்கும். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, கூரையை அறுத்துவிட்டு, பின் சீட்டைக் கழற்றிப் போட்டு, சிவப்பு அடித்திருந்தோம். இருவர் என்றால் நானும், பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதனான அருப்புக்கோட்டைக்காரன் ஒருவனும். அவன் வீட்டில் தறி ஓடுகிறது. நான் எம்.ரெட்டியபட்டியில் கரிசல் காட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறவன். என் வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் அந்தக் கார். அதிலும் பாதிதான் என்னுடையது.

காருக்கு ஒரு குறை இருந்தது. அறுபதைத் தாண்டினால் இன்ஜின் கத்தும். நான்குவழிச் சாலையில் லாரிக்காரன்கூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வான். பின் அச்சுக்குள் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. எங்கள் காரில் சின்னதுக்கு ஒன்பது பல், பெரியதுக்கு நாற்பத்தொன்று. இன்ஜினிலிருந்து வரும் தண்டு நாலரைச் சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். பதினொன்றுக்கு நாற்பத்துமூன்று உள்ள ஜோடியைப் போட்டால் தண்டு நாலு சுற்றுகூடச் சுற்ற வேண்டாம். கார் அலறாமல் ஓடும். மேட்டில் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். எங்கள் சீமையில் கண்மாய்க் கரையை விட்டால் மேடு எங்கே இருக்கிறது?

மாதக்கணக்கில் இதையே பேசினோம். "ஓட்டத்துக்குத்தான் மாப்ள இந்த வண்டி. இழுக்குறதுக்கு டிராக்டர் கெடக்கு" என்றேன். "சரிடா, ஓட்டத்துக்கே போட்ருவோம். ஸ்பீடு முள்ளு மட்டும் கொறச்சுக் காட்டும், அறுபதுன்னா எழுபதுல போறோம்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான்" என்று அவனே கணக்கும் சொன்னான்.

அவன் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. ஆனால் நான் வாசற்படியில் கால் வைத்ததும் எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். வந்தவருக்குப் புரியாமல் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். அவனும் அவன் மனைவியும் சண்டையைக்கூடப் பாதியிலிருந்து எனக்காகத் தமிழில் போடுவார்கள். அதனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு வா, உட்கார், சாப்பிடு என்பதற்கு மேல் தெலுங்கு வரவில்லை.

பட்டறையில் காரை ஏற்றிய அன்று, சாக்கு விரிப்பில் இரண்டு மூன்று ஜோடிகள் கிடந்தன. மெக்கானிக் அவனுக்குச் சொந்தக்காரர். அவரோடு அவன் தெலுங்கில் பேசினான். என் முன்னால், வெகுநேரம். முதல் தடவையாக அப்படி நடந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இனி நான் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள் ஆகிவிட்டேன் என்று பூரித்துப் போனேன். என்ன புத்தி!

மெக்கானிக் பல்லில் நீலச் சாயம் தடவி, எங்கே பதிகிறது என்று பார்த்து, மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் மாலைவரை பொருத்தினார். நானும் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தேன். பல்லை எண்ணவில்லை. கூடவே சிநேகிதன் நிற்கும்போது யார் எண்ணுவார்கள்?

மறுநாள் காலையில் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தனியாக நான்குவழிச் சாலையில் ஏறினேன். கார் முன்னைவிடக் கத்தியது. முள் எண்பதைத் தொட்டது. அவன் சொன்ன கணக்குப்படி தொண்ணூறுக்கு மேல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்போது ஒரு பஸ் என்னைச் சாவகாசமாக முந்திப் போனது. ஜன்னலோரம் இருந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். டயரிலும் தண்டிலும் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டு அடியில் படுத்தேன். மற்றது தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் இரண்டும் ஒரு சுற்று வந்த கணக்கு. தண்டு நாலுக்குள் நின்றிருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்துக்குப் போனது. போட்டிருப்பது இழுவைக்கான ஜோடி. தலையைத் திருப்பினால், பம்பருக்கு அடியில் டிரெய்லர் மாட்டுகிற கொக்கி ஒன்று, முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு வெல்டு வைக்கப்பட்டிருந்தது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அவுகதானண்ணே எட்டுக்கு முப்பத்தொம்பது போடச் சொன்னாக. பாவு நூல் சுத்துன உருளைகள டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு தறிக்காரக வீடுகளுக்குப் போவணும்னாக" என்றார். பிறகு உண்மையான ஆச்சரியத்தோடு, "உங்க முன்னாடி வச்சுத்தானண்ணே பேசுனோம்?" என்றார்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அதைக்கூட மறைவில்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

காரை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே தெலுங்கில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. படியேறினேன். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று அவன் மனைவி தமிழுக்கு மாறினாள். வழக்கமாக அந்த இடத்தில் மனசு குளிரும். அன்று எரிந்தது.

"பாவு ஏத்தணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவ மாப்ள. போட்டுட்டுப் பைய சொல்லிக்கிடலாம்னு..."

அவளுக்கு விஷயமே அப்போதுதான் தெரிந்தது போல. அவன் பக்கம் திரும்பித் தெலுங்கில் படபடவென்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்து நிறுத்தி, தமிழில் தொடரப் போனாள்.

"தெலுங்குலயே திட்டும்மா தங்கச்சி" என்றேன். "என் முன்னாடி பேசுனா எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு அவனுக்குத் தெரியும்."

கார்ச் சாவியைத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ரெட்டியபட்டி பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.