கோழியின் இரைப்பையும் எரினாவின் இரட்சிப்பும்

கயங்கா மலையில் சிலர் பாட்டைக் கேட்டு இரட்சிக்கப்பட்டார்கள், சிலர் கனவு கண்டு இரட்சிக்கப்பட்டார்கள். எரினா நல்வாத்தா இரட்சிக்கப்பட்டது கோழித் தொடையால்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருஷம் அது. அந்தக் காலத்தில் புகாண்டாவில் பெண்கள் கோழி சாப்பிடமாட்டார்கள். வளர்ப்பதும், துரத்திப் பிடிப்பதும், இறகு பிடுங்குவதும், வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைப்பதும் அவர்கள். தின்பது மட்டும் ஆண்கள். எழுப்புதல் என்ற பக்தி அலை வந்தபோது செஃபானியா செம்பாலா என்ற வாலிபன், அப்போது மூங்கில் கழி மாதிரி இருப்பான், வெந்த கோழியோடு கோயில் வாசலில் நின்று, கிறிஸ்துவுக்குள் அந்தக் கட்டு அறுந்துவிட்டது, சாப்பிடத் துணிந்த பெண் யார் என்று கேட்டான். யாரும் அசையவில்லை. எரினா எழுந்து போய் ஒரு தொடையை வாங்கி, ஊரே பார்க்க, எலும்பு வெளுக்கும்வரை தின்றாள்.

"கிருபை இலவசம் அக்கா," என்றான் செஃபானியா, கண்ணில் நீரோடு. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கையை நீட்டி வாங்கிக்கிட்டாப் போதும்."

அன்று மாலை புருஷன் மத்தயோ அவளை அடித்தான். மறுவாரம் அவனும் இரட்சிக்கப்பட்டு, அடித்ததற்காகச் சபை நடுவே அழுதான். அன்றுமுதல் கோழியில் அவளுக்கும் பங்கு உண்டு. தொடையைத் தவிர.

இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. மத்தயோ போய்ச் சேர்ந்தான். பிள்ளையில்லாத எரினாவுக்குச் சொந்தம் என்றால் வியாழக்கிழமைக் கூட்டத்துச் சகோதர சகோதரிகள்தான். செஃபானியா இப்போது சபையை நடத்தும் உபதேசியார்; வெள்ளை அங்கியின் நடுவில் தொப்பை ஒரு தனி மலையாக எழும்பியிருக்கிறது. கிருபை துதிப்பாட்டில் மட்டும் இலவசமாக இருந்தது. மற்ற நேரங்களில், தன்னை வெறுக்காதவனுக்கு, அதாவது தனக்குப் பிடித்ததை விட்டுவிடாதவனுக்கு, இரட்சிப்பில்லை என்றார் உபதேசியார். முதலில் பாசிமணி பாவமாயிற்று. அப்புறம் தலை பின்னுவது. அப்புறம் வானொலி, ஏனென்றால் அதைக் கேட்டுக்கொண்டே பெண்கள் வாழைக்காய் உரித்தார்கள். வெறுத்துவிட வேண்டிய பொருளெல்லாம் பெண்கள் கழுத்திலும் தலையிலும் சமையல்கட்டிலுமே குடியிருந்தது ஓர் அதிசயம். சைக்கிள் பாவம் என்று எந்தச் சகோதரனுக்கும் கடைசிவரை வெளிப்படவில்லை.

இன்னொன்றும் பாவமாகவில்லை: கோழியின் இரைப்பை. கோழி விடுதலை பெற்றபோதும் அது பெறவில்லை. கல்லை வைத்து இரையை அரைக்கிற அந்தக் கெட்டித் துண்டு வீட்டு ஆண்மகனுக்கு. விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு. அது இல்லாத இலைப் பொட்டலத்தை ஒருவர் முன் வைப்பதும் அவர் முகத்தில் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்று.

அந்த வருஷம் நடந்த சபை மாநாட்டுக்கு நகரத்திலிருந்து ஒரு பெரிய குருவானவர் வந்தார். கீழ்ப்படிதலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிரசங்கம். எரினா அதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வழக்கம்போல் அடுப்படியில் இருந்தாள். உதவிக்கு உபதேசியாரின் மனைவி யூனியா இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. மாநாட்டுக்காக உபதேசியார் வீட்டில் மூன்று நாள் உபவாசம் அறிவித்திருந்தார். வீடு என்றால் யூனியா. அவருக்குப் பிரசங்கிக்கத் தெம்பு வேண்டுமல்லவா.

எரினா தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது குருவானவரின் பொட்டலம் அவிழ்ந்து கிடந்தது. யூனியாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. தாடையில் நிலக்கடலைக் குழம்பு வழிந்தது.

"அக்கா," என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"முதல்ல முழுங்கு. அப்புறம் தாடையைத் துடை," என்றபடி இலையைத் திரும்பக் கட்டினாள் எரினா.

பந்தியில் குருவானவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு விரலால் தேடினார். புரட்டிப் போட்டுத் தேடினார். பிறகு சாப்பிடாமலே கைகழுவத் தண்ணீர் கேட்டார். உபதேசியாரின் முகம் வேகாத ஈரல் நிறத்துக்கு வந்தது.

மறுநாள் காலையிலேயே உபதேசியார் எரினாவின் காப்பி மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார். அவள் ஊர் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொன்னாள்.

"சகோதரி, உங்க பாவத்தை வெளிச்சத்துல காட்டத்தான் வந்தேன்."

"பட்டப்பகல்ல எதுக்கு உபதேசியாரே வெளிச்சம்? உட்காருங்க."

"நீங்கதானே தின்னீங்க?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"பசிச்சவங்க."

பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தப்பித்திருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் போன வருஷம் தலை பின்னிக்கொண்ட குற்றத்துக்காக யூனியாவை, கீழ்ப்படிதல் கற்று வா என்று அப்பன் வீட்டுக்கு நடக்கவிட்டவர் இவர். பதினெட்டு மைல். அப்போதிருந்த கர்ப்பம் தங்கவில்லை. தேவசித்தம் என்று இவரே ஜெபமும் செய்தார். எரினா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"பசியெல்லாம் சாக்கு. தன்னை வெறுக்கணும், அக்கா. இல்லாட்டி இரட்சிப்பு ஏது?"

"அன்னிக்குத் தொடையைக் கையில குடுத்து இலவசம்னு சொன்னீங்களே."

"இலவசம்தான். வாங்கினப்புறம் கீழ்ப்படியணும்."

"சந்தையில ஒருத்தன் இப்படி வித்தா துரத்தித் துரத்தி அடிப்போம். சரி, நீங்க கடைசியா எதை வெறுத்தீங்க?"

உபதேசியார் யோசித்தார். "வாழைப்பழச் சாராயம்."

"நீங்கதான் பொறந்ததுலேருந்து அதைத் தொட்டதே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்," என்றார் உபதேசியார், கொஞ்சமும் கூசாமல். "வியாழக்கிழமை சபை நடுவுல மனந்திரும்புங்க. இல்லேன்னா நீங்க அவிஞ்சுபோனவ."

அவிந்துபோனவள், அதாவது ஆவியின் அனல் அணைந்து குளிர்ந்துபோனவள், என்றால் வாசலோரப் பாயில் உட்கார வேண்டும். இராப்போஜனத் திருவிருந்து கிடையாது, பாடக்கூடாது, யாரும் கட்டித் தழுவி வாழ்த்தமாட்டார்கள். பிள்ளைகுட்டி உள்ளவளுக்கு அது அவமானம். எரினாவுக்கு அது ஊரோடு உறவே அறுந்துபோவது. அன்றைக்கு முழுவதும் தோட்டத்தில் வாழைக்கன்றுகளை வெட்டித் தள்ளினாள், வெட்ட வேண்டாதவற்றையும்.

சாயங்காலம் யூனியா வேலியோரம் வந்தாள். "அக்கா, நானே சொல்லிடறேனே."

"வாயை மூடிக்கிட்டுப் போ. முதல்ல வயித்துப் பிள்ளை தங்கட்டும்."

வியாழக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. யாராவது பாவத்தை அறிக்கையிட்டால் உடனே எல்லோரும் துதிப்பாட்டு பாடித் தழுவிக்கொள்வது வழக்கம். எரினா எழுந்ததும் பாடுவதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"நான் திங்கல," என்றாள் எரினா. "தின்னது யாருன்னு சொல்லவும் மாட்டேன். நான் தின்னிருந்தாலும் மனந்திரும்ப மாட்டேன். வேற ஒண்ணுக்குத்தான் மனந்திரும்புறேன். இருபத்தாறு வருஷமா அந்தத் துண்டை எடுத்து உங்க இலையில வச்சேன் பாருங்க, அதுக்கு."

பாட்டு எழும்பவில்லை.

"தன்னை வெறுக்கணும்கிறீங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா எப்பப் பார்த்தாலும் எங்களையே வெறுத்துக்கச் சொல்றீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணுமே மிஞ்சலையா வெறுக்க? நான் எந்தப் பிரசங்கத்தையும் முழுசாக் கேட்டதில்ல, உங்களுக்கு ஆக்கிக்கிட்டிருந்தேன். கிறிஸ்து நமக்காக எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டாருங்கிறது நான் கேக்காத பாதியில வந்துச்சோ என்னவோ. கேட்ட நீங்களாவது ஞாபகம் வச்சிருக்கலாம்."

பெண்கள் பக்கத்தில் யூனியா எழுந்தாள்.

"யூனியா, உட்காரு," என்றாள் எரினா, குரலை உயர்த்தாமல். "வயித்துப் பிள்ளைக்காரி ரொம்ப நேரம் நிக்கக்கூடாது."

யூனியா உட்கார்ந்துவிட்டாள். இந்த நிலையிலும் தன் மனைவிமேல் இவளுக்கு இருக்கிற அக்கறையைக் கண்டு உபதேசியாருக்கே மனம் கொஞ்சம் இளகியது. அதனால் வழக்கமான ஆறு மாதத் தண்டனையை நான்காகக் குறைத்தார். பாய்தான். பாடக்கூடாது. சமைப்பதற்கு மட்டும் தடையில்லை என்று, பெருந்தன்மையோடு, சேர்த்துச் சொன்னார்.

எரினா தன் பாயைத் தானே விரித்து வாசலோரம் உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்து சகோதரர்கள் தேநீருக்குக் காத்திருந்தார்கள். அடுப்படியில் புகையே இல்லை. கடைசியில் உபதேசியாரே வாசலுக்கு வந்தார்.

"தேநீர் என்னாச்சு, அக்கா?"

"நான்தான் அவிஞ்சுபோனவளாச்சே. என்னால எப்படி அடுப்பை மூட்ட முடியும்?"

அவள் மூட்டாததைப் பார்த்து மற்றப் பெண்களும் திடீரென்று தங்களுக்குள்ளும் அனல் அவிந்துபோனதாக உணர்ந்தார்கள். கயங்கா சபையின் ஆண்கள் தங்களை வெறுத்த முதல் வியாழக்கிழமை அதுதான்.

நான்கு மாதம் எரினா அந்தப் பாயில் உட்கார்ந்தாள். ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. நான்கு மாதமும் அவளுக்குள் கோபம் மூடிபோட்ட பானை மாதிரி கொதித்துக்கொண்டுதான் இருந்தது. எல்லோரையும் மன்னித்து முகம் ஜொலித்தாள் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான்; அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் யூனியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். உபதேசியார் அதைத் தன் உபவாசத்தின் பலன் என்று சாட்சி சொன்னார்.

தண்டனை முடிந்த அன்று எரினா வீட்டுக்கு வந்து தன் புள்ளிக்கோழியைப் பிடித்து அறுத்தாள். இலையை நெருப்பில் வாட்டிக் கட்டி, நிலக்கடலைக் குழம்போடு ஆவியில் வைத்தாள். பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு யூனியா வந்து நின்றாள். எரினா முதலில் எடுத்தது இரைப்பையை.

"ஐயோ அக்கா, இன்னிக்குத்தானே பாயைச் சுருட்டுனீங்க. தெரிஞ்சா மறுபடியும் உட்கார வச்சுடுவாங்க."

"இதுக்குத்தான் நாலு மாசம் உட்கார்ந்தாச்சே. தண்டனை முன்னாடியே முடிஞ்சுபோச்சு. குத்தம்தான் பாக்கி இருந்துச்சு."

கத்தியால் அதை இரண்டாக அரிந்தாள். பெரிய துண்டை நீட்டினாள்.

யூனியா கையை நீட்டவில்லை. "நான் பாயில உட்காரவே இல்லையே அக்கா."

"நீ எதுக்கு உட்காரணும்? அதான் நான் உட்கார்ந்துட்டேனே," என்றாள் எரினா. "ஆறிடப் போகுது. வாங்கிக்கோ."