சும்மா கிடந்த இரண்டு கூடாரங்கள்

தொழிலை வளர்க்க எப்போது பணம் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் கூட்டங்கள் இப்போது சுங்கைப் பட்டாணியில் அடிக்கடி நடக்கின்றன. குளிரூட்டிய மண்டபம், இலவசச் சாப்பாடு, டை கட்டிய ஓர் இளைஞர். "கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் உடனே பெரிதாக்குங்கள்" என்கிறார். அண்மையில் அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. கத்த எனக்கு யோக்கியதை இல்லை. அதே வாக்கியத்தை என் தம்பியிடம் சொல்லி அவன் தொழிலைக் கெடுத்தவன் நான்.

தம்பி பீடோங்கில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். நான் இடைநிலைப் பள்ளியில் வணிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவன் சத்தக்காரன். லோரி ஓட்டும்போது பாடுவான், புதுச் சாமான் வாங்கினால் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவான். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரன். அவன் வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் இரண்டு நீலக் கூடாரங்கள் தனியாகச் சுருட்டிக் கிடக்கும். அவை சாவு வீட்டுக்கு மட்டும். சாவு வீட்டில் நின்ற கூடாரத்தை நம் ஆட்கள் கல்யாண வாசலில் நிற்கவிட மாட்டார்கள். அதனால் கல்யாணக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த இரண்டும் அசையாது. எங்காவது ஓர் உயிர் போனதாகச் செய்தி வந்தால் போதும், முன்பணம் கேட்காமல் லோரி கிளம்பிவிடும்.

புதுக் கூடாரம் வாங்குவதற்கும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. "கல்யாணத்துக்கு இல்லன்னு சொன்னா திட்டிட்டு வேற ஆளப் பாத்துக்குவாங்கண்ணே. சாவு வீட்டுக்கு இல்லன்னு என்னைக்குச் சொல்ல வேண்டி வருதோ, அன்னைக்குத்தான் நான் புதுசு வாங்கணும்."

நான் சிரித்தேன். "அப்ப ஒருத்தர் செத்து, நீ கையை விரிச்சு, அதுக்கப்புறம்தான் உன் யாவாரம் வளருமா?"

"ஆமா லா. வாத்தியாரு கேள்வி கேக்குற அழகப் பாரு" என்று அவனும் சிரித்தான்.

அந்த ஆண்டு கையில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. நீலக் கூடாரங்களின் கித்தான் நைந்துபோயிருந்தது, அதை மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குறுக்கே போனேன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சங்க விருந்து ஒன்றில் ஒரு வழக்கறிஞர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவு கெனோப்பிக்காரரு அண்ணன்தானே நீங்க?" என்றார். கூடாரத்தை இங்கே கெனோப்பி என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா இறந்த அன்று கொட்டுகிற மழையில் தம்பி வந்து கூடாரம் போட்டானாம். அவர் நன்றியாகத்தான் சொன்னார். என் காதில் அது வசையாக விழுந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவனுக்குச் சாவு கெனோப்பிக்காரன் அண்ணன் என்றா பெயர்? அந்த எரிச்சலுக்குத்தான் வணிகப் பாடத்தை உடுத்தி விட்டேன்.

அடுத்த வாரமே தம்பியிடம் போய்ச் சனிக்கிழமைகளைக் காட்டினேன். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. பினாங்கிலும் பேராவிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நாள் சனி ஒன்றுதான். அதிலும் முகூர்த்தம் அமைந்த சனி என்றால் தொலைபேசி ஓயாது. தம்பி இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பான். "இத்தனை பேரைத் திருப்பி அனுப்புறியே, இது முட்டாள்தனம் இல்லையா?" என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாக் கூடாரமும் சுருண்டு கிடப்பதையும், ஆடியிலும் மார்கழியிலும் ஒருவரும் கூப்பிடாததையும் நான் பேசவில்லை. மாணவன் ஒருவன் அப்படிப் பதில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

வெள்ளையும் பொன்னிறமுமாகத் திரைத்துணி, சரவிளக்குகள், பெரிய லோரி என்று சேமிப்பு போனது. வங்கியும் கடன் கொடுத்தது. கூடார எண்ணிக்கை போதாமல் நின்றபோது நீலக் கூடாரங்களைக் காட்டினேன். "ரெண்டு மொடங்கிக் கெடக்குதே. துணியச் சுத்திட்டா யாருக்குடா தெரியும்? இரும்புக்கு ஏது தீட்டு?"

இரும்புக்குத் தீட்டு இல்லை. இன்றும் அதையே சொல்வேன். அந்த இரண்டும் தீட்டுக்காக மட்டும் அங்கே கிடக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

தம்பியையும் முழுக்க விட்டுவிட முடியாது. சரவிளக்கு வந்த அன்று பட்டப்பகலில் எரியவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினான். லோரி ஓட்டுநர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெர்போக் ஊர்க்காரர், தொழில் தொடங்கிய நாளிலிருந்து தம்பியோடு இருந்து எல்லாச் சாவு வீட்டிலும் கம்பி நட்டவர். "அப்ப சாவு வந்தா என்ன பண்றது போஸ்?" என்று தன் முதலாளியிடம் கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான், "வரும்போது பாத்துக்கலாம்" என்றேன்.

வந்தது. முகூர்த்தச் சனிக்கிழமையில் வந்தது.

அன்று சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக் கல்யாண விருந்துக்கு நானும் போயிருந்தேன். வாசல் நெடுகத் தம்பியின் கூடாரம். திரைத்துணி விலகிய இடத்தில் நீலக் கித்தானும் அதில் போட்ட ஒட்டும் தெரிந்தன. பார்த்துப் பெருமைப்பட்டேன். ஓட்டுநர் ஏணியில் நின்று கடைசி விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு அழைப்பு வந்தது. மெர்போக்கில் அவருடைய அம்மா இறந்துவிட்டார்.

தம்பி சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தொழிலில் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டான். எல்லாருடைய கூடாரமும் கல்யாணத்தில் நின்றது. இதைக் கழற்ற முடியாது, விருந்தினர் உட்கார்ந்துவிட்டார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துகொண்டிருந்தார்கள்.

ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தார். "அது நம்ம நீலந்தானே போஸ்?"

லோரிச் சாவியைத் தம்பி கையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. நான் மெர்போக் போய்ச் சேர்ந்தபோது பட்டுச் சட்டையை மாற்றியிருக்கவில்லை. சின்ன வீடு, வாசலை ஒட்டி ரப்பர் மரங்கள். வந்தவர்கள் குடை பிடித்தும் மரத்தடியில் ஒண்டியும் நனைந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் சிலர் ஒரு தார்ப்பாயை நாலு மூலையிலும் கையால் தூக்கிப் பிடித்திருக்க, அதன் கீழே அந்த அம்மாளுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினார்கள். காற்று அடித்தபோதெல்லாம் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் உடம்பின்மேல் கொட்டியது.

"ஊருல ஒரு சாவு விடாம கம்பி நட்டவன்" என்று ஒரு கிழவி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவன் ஆத்தாளுக்குக் கூரை இல்ல."

நான் போய் ஒரு மூலையைப் பிடித்தேன். ஓட்டுநர் பார்த்துவிட்டு வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். "விடுங்க சார். சட்ட நனையுது."

அதன்பின் அவர் வேலைக்கு வரவில்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குப் போய்விட்டார். செய்தி பீடோங் முழுக்கப் பரவியது. கல்யாண அழைப்புகளும் குறைந்தன. சாவு வீட்டில் தம்பியைப் பார்த்தவர்கள்தாம் அத்தனை காலமும் கல்யாணத்துக்கும் அவனைத் தேடி வந்திருக்கிறார்கள். "யாவாரம்னா ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும் சார்" என்று சங்கத்தில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எந்த ஏற்றம், எந்த இறக்கம்? ஒரு பிணம் மழையில் நனைந்தது. அதற்கு ஏற்ற இறக்கம் என்று பேர் வைக்கிறவனை அறையவேண்டும். முதலில் என்னை.

தம்பி சரவிளக்குகளையும் பெரிய லோரியையும் விற்றான். நீலக் கூடாரங்களிலிருந்து துணியை உரித்தான். என் ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவன் தொடவில்லை. மூன்றாவதாக ஒரு நீலக் கூடாரத்தைத் தன் கைக்காசில் வாங்கினான். இந்த நிலைமையில் இது எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு இல்லன்னு சொன்னேன்லண்ணே" என்றான்.

அதைக் காட்டுவதற்காக ஓட்டுநரை மெர்போக்கிலிருந்து அழைத்துவந்தான். அவர் புதுக் கித்தானைத் தடவிப் பார்த்தார், மூட்டுகளை ஆட்டிப் பார்த்தார். வேலைக்குத் திரும்பி வருகிறேன் என்றார். கூடவே, "ஆனா ஒங்கண்ணன் வந்தா நான் லோரிய விட்டு எறங்க மாட்டேன்" என்றாராம்.

இப்போதும் முகூர்த்தச் சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். தொலைபேசி அடிக்கிறது. தம்பி, "இல்லம்மா, வேற ஆளப் பாருங்க" என்கிறான். ரம்புத்தான் மரத்தடியில் மூன்று நீலச் சுருள்கள். என்னைக் கண்டதும் ஓட்டுநர் லோரியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். நான் கிளம்புகிற வரைக்கும் அந்த வெயிலில் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் அதிக நேரம் நிற்பதில்லை.