மட்டம் போடாத டிரைவர்

இருபத்தாறு வருடம். அத்தனை வருடத்தில் ரோலர் டிரைவர் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. அதனாலேயே தார் ரோடு போடும் கும்பலில் அவருக்கு ‘மட்டம்’ என்று பேர் விழுந்தது. காய்ச்சலோடு ரோலர் ஓட்டியிருக்கிறார். மகளின் கல்யாணம் முடிந்த மறுநாளே சீட்டில் ஏறிவிட்டார். அவர் உருட்டிய ரோட்டில் போனால் கையிலிருக்கும் டீ தளும்பாது என்று கூட்டாளிகள் பீற்றிக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு தங்கை. நகரம் பெருத்துக்கொண்டே போன காலத்தில் அவளும் கணவரும் அதன் ஓரத்தில் சின்னதாக வீடு கட்டினார்கள். கணவர் தையல்காரர், முன்னறைதான் கடை. அப்போது மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் சாக்கடையையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். தையல் மெஷின் செங்கல்மேல் நிற்கிறது.

டிரைவர் வரும்போதெல்லாம் மாப்பிள்ளையை வாருவார்.

“வீடு பாதாளம் வரைக்கும் போயிட்டுத்தான் நிக்குமா மாப்பிள்ளை?”

“இளமண்ணு மச்சான். என்ன பண்றது?”

“மண்ணைக் குறை சொல்லாதீங்க. அஸ்திவாரத்துல மிச்சம் பிடிச்சா வீடு உக்காரத்தான் செய்யும்.”

தையல்காரர் சிரித்து மழுப்புவார். தங்கை கணவரை முறைப்பாள்.

இந்த முறை அந்தத் தெருவுக்கே புது ரோடு போடும் வேலை வந்தது. வேலைக்கு முந்தின நாளே ரோலரைக் கொண்டுவந்து நிறுத்தினார் டிரைவர். தங்கை வீட்டு வாசலையொட்டி, உடைந்த தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சும்மா எட்டிப் பார்த்தார்.

பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்று. மேலிருந்து இரண்டாவதில் சிவப்பு ஜல்லி. கருங்கல் கிடைக்காத வருடம் சிவப்பு ஜல்லி கலந்து போட்ட ரோடு அது. உருட்டியவர் அவரேதான். பழசைச் சுரண்டாமல் மேலேயே புதுசைப் போடுவது எல்லாத் தெருவிலும் வழக்கம். அவர் கண் எப்போதும் சக்கரத்தின்மேல் இருக்கும். ஓரத்து வாசல்களுக்குப் போனதில்லை.

எதிர்ச் சுவரில் தங்கை வீட்டின் பழைய மூன்று படிகள் மண்ணில் புதைந்து நின்றன. ஒரு விரிசல் இல்லை. பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் படியில் வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது.

“மாப்பிள்ளை, இங்க வாங்க.”

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு வந்தார்.

“நம்ம படியா இது?”

“ஆமா. உங்க வீடு ஒரு நூல்கூட இறங்கல. நான்தான் ரோட்டை ஏத்திட்டேன்.”

தையல்காரர் பள்ளத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நான்தான் சிமென்ட்டைக் குறைச்சுக் கெடுத்துட்டேன்னு நானே நம்பிட்டேன் மச்சான். உங்க தங்கச்சிகிட்ட எத்தனை பேச்சு வாங்கியிருப்பேன்.”

தங்கை வாசலில் நின்றாள். கணவரைப் பார்க்க அவளால் முடியவில்லை. “நாளைக்கும் மேலதான் போடப் போறீங்களா அண்ணா? இன்னும் ஏறினா தூறலுக்கே தண்ணி வந்துடும். கடையை மூட வேண்டியதுதான்.”

டிரைவர் சூப்பர்வைசரிடம் ஓடினார்.

“சார், பழசைச் சுரண்டிட்டுப் போடலாம் சார். தங்கச்சி வீட்டுக்குள்ள தண்ணி போகுது.”

“மேல போடத்தான் உத்தரவு. சுரண்டுற மெஷினை உன் மாப்பிள்ளை தைச்சுத் தருவாரா?” சூப்பர்வைசர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். “இத்தனை வருஷமா மத்த வீட்டுக்குள்ள போன தண்ணி உனக்குத் தெரியலையா மட்டம்?”

டிரைவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரு வாசல் பாக்கியில்லாமல் பள்ளத்தில் கிடந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் தண்ணீரைத் தடுக்கக் குட்டையாக ஒரு சிமென்ட் வரப்பு. இந்த நகரத்தில் அவர் உருட்டாத தெரு குறைவு.

மறுநாள் காலை பள்ளத்தை மூடியிருந்தார்கள். தார் லாரி ஆவி பறக்க வந்து நின்றது. ரோலர் சாவியைக் கூட்டாளி ஒருவன் சூப்பர்வைசரிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

“சார், மட்டம் மட்டம் போட்டுட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் தங்கை வீட்டுக்குள் இருந்தார். மெஷினின் ஒரு பக்கத்தை அவர் தூக்கிப் பிடிக்க, தையல்காரர் அடியில் இன்னும் இரண்டு செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வேறொரு டிரைவர் ரோலரில் ஏறினார். மதியத்துக்குள் ரோடு முடிந்துவிட்டது.