சிவப்பு அம்பு ஒட்டிய பேனர் கணக்கு

இணையத்தில் பேனர் விளம்பரம் விற்பவர்களுக்கு முதல் வேலை, அதற்குக் கம்பமும் கயிறும் வேண்டாம் என்று புரியவைப்பதுதான். இந்தத் தொழிலில் என்னோடு அல்லாடும் அன்பர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

ஆம்பூரில் ஒரு உள்ளூர்ச் செய்தித் தளத்தில் எனக்கு மூன்று மாதச் சோதனை வேலை. ஒரு வாடிக்கையாளராவது இரண்டாம் முறை விளம்பரம் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆயிரத்துக்கு இவ்வளவு

எனக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் தேவராஜ் அண்ணன். ஷூ கம்பெனியில் இருபது வருடம் குவாலிட்டி செக்கிங் பார்த்துவிட்டு, பஜாரில் சொந்தமாகச் செருப்புக் கடை வைத்தவர். பேனர் ஆயிரம் தடவை திரையில் வந்தால் இவ்வளவு ரூபாய் என்று விலையைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆயிரம் பேரு பாத்தாங்கன்னு யாரும்மா கையெழுத்து போட்டது?"

பீஸ் ரேட்

அப்படியானால் ஒருவர் விளம்பரத்தை அழுத்தினால் மட்டும் காசு கொடுங்கள் என்றேன். ஷூ கம்பெனியில் தைத்த ஜோடிக்கு மட்டும் கூலி தருவது போல, "பீஸ் ரேட்டு" என்று மகிழ்ந்துபோய் அதற்கு மாறினார். ஒரு வாரத்துக்கு ஒதுக்கிய பணம் மறுநாள் மதியமே காலி. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆம்பூரே செருப்பில்லாமல் நிற்கிறது போல என்று நினைத்து ஓடினேன்.

விஷயம் வேறு. கூட வேலை பார்த்த பழைய தோஸ்துகளின் வாட்ஸ்அப் குழுவில், டீ பிரேக்கில் ஆளுக்குப் பத்து தடவை அழுத்துங்கள் என்று அண்ணன் செய்தி போட்டிருக்கிறார். அழுத்த அழுத்த விளம்பரம் மேலே போகும் என்று அவர் எண்ணம். அவர்களும் விசுவாசமாக ஷிப்ட் வாரியாக அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் பணம்தான் போகிறது என்று மெதுவாகச் சொன்னேன். கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்போ என் வூட்டு கல்யாணத்துக்கு நானே மொய் எழுதிருக்கேன்."

செக்கிங் டேபிள்

மறுபடி ஆயிரக் கணக்குக்கே வந்தோம். மாத அறிக்கையைக் கொண்டுபோனபோது மேஜை டிராயரிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் பட்டையை எடுத்தார். ஷூவில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவார்களே, அது. செய்திப் பக்கத்தில் பேனர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். அடியில் என்றேன். அதுவரை விரலால் தள்ளாதவன் எப்படிப் பார்த்திருப்பான் என்றார்.

அதைச் சொல்லக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஆனாலும் எனக்குப் பொய் வரவில்லை. பக்கம் திறந்தாலே கணக்கில் ஏறிவிடும், கண்ணில் படும் இடத்துக்கு வந்ததற்குத் தனி எண்ணிக்கை இருக்கிறது, அது பாதிகூட இல்லை என்று சொல்லிவிட்டேன். அறிக்கை முழுக்க அம்பாக ஒட்டித் தள்ளினார். வேலை போயிற்று என்று பையை எடுத்தேன்.

"உக்காரும்மா. பாஸானதுக்கு மட்டும் காசு தர்றேன், பேனர மேல ஏத்து."

அழுத்தாத டீச்சர்

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏற்றினார். அந்த வாரம் நல்ல மழை, தளத்தில் நல்ல கூட்டம். ஆனால் பேனரை அழுத்தியவர்கள் பூஜ்யம். சோதனை வேலையின் கடைசி நாள், அந்த அறிக்கையை மடித்தே நீட்டினேன்.

அண்ணன் முகத்திலோ ஒரே சிரிப்பு. திருப்பத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்து, அகலப் பாதத்துக்கான செருப்பு நாலு ஜோடி வாங்கிப் போனாராம். கடை எப்படித் தெரியும் என்று அண்ணன் கேட்டதற்கு, ஸ்கூல் லீவா என்று பார்க்கத் தினமும் செய்தியைத் திறந்தாராம்; லீவு வரவில்லை, செருப்புதான் வந்ததாம். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. பூஜ்யத்தில் ஒரு அம்பு ஒட்டிவிட்டு அண்ணன் சொன்னார்.

"ஷோகேஸ் கண்ணாடிய அழுத்திட்டா உள்ள வர்றாங்க? இன்னும் ஆறு மாசம் போடும்மா."

இத்தனை எண்ணியும், எந்தக் கணக்கிலும் ஏறாத அந்தத் திருப்பத்தூர் டீச்சர்தான் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார்.