சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒரு கூட்டக் கொலை செய்தேன்.

பதற வேண்டாம். ஆயுதம் – சாம்பிராணி. இடம் – கிணத்துக்கடவில் என் மைத்துனர் சிவகுமாரின் குடோன். எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? எண்ணவில்லை. எண்ணுகிற அளவிலா இருந்தார்கள்... எறும்பைவிடச் சின்ன உடம்பு!

சிவகுமார் என் மனைவியின் தம்பி. நேந்திரம், அத்தி, பப்பாளி எல்லாவற்றையும் சோலார் ட்ரையரில் காயவைத்து, பாக்கெட் போட்டு விற்கிறார். எட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ‘பூச்சிமருந்து கிடையாது, புகைமருந்தும் கிடையாது’ என்று பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கிறார். நல்ல காரியம்தான். ஆனால், மருந்தில்லாத பழம் என்று நமக்குத் தெரிந்தால் பூச்சிக்குத் தெரியாதா என்ன?

தெரிந்துவிட்டது. அந்துப்பூச்சி வந்தது. முட்டை, புழு, பெட்டி மூலையெல்லாம் நூலாம்படை. பெங்களூருக்குப் போன ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. ஓர் அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே... வேண்டாம், காபி குடித்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

வாங்குகிற கம்பெனி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது. மாதக் கடைசியில் அவர்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார். பழத்தில் ஒரே ஒரு புழு இருந்தாலும் ஆர்டர் கேன்சல். ஆர்டர் போனால் ட்ரையரை இழுத்து மூட வேண்டியதுதான். “மூடிப்போட்டு அந்த எட்டுப் பேர் மூஞ்சியில எப்படீங்க்கா முழிக்கறது?” என்று என் மனைவியிடம் போனில் அழாத குறை.

நான் போனை வாங்கினேன். “பேசாம நாலு மருந்து மாத்திரையை வெச்சு குடோனைப் பூட்டு மாப்ளே. யாருக்குத் தெரியப் போகுது?”

“அப்புறம் பாக்கெட் மேல போட்டிருக்கறதை என்ன பண்றதுங்க மாமா? தார் பூசி அழிக்கறதா?”

போனை மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போது வந்தவர்தான் பூங்கொடி. அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். தென்னையில் கருந்தலைப் புழு விழுந்து மட்டை காய ஆரம்பித்தால், ஓட்டமாய் ஓடுவது இவரிடம்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் போட்டு ஒட்டுண்ணிக் குளவி வளர்க்கிறார். அந்தக் குளவி புழுவைத் தேடிப் பிடித்து, கொட்டி முடக்கி, அதன்மேல் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். ஒரு காலத்தில் இதே தோப்புகளில் கூலிக்கு மட்டை பொறுக்கியவர் பூங்கொடி. இன்று தோப்புச் சொந்தக்காரர்கள் அவர் வீட்டு கேட்டில் நின்று, “ஏனுங்க, நம்ம டர்னு எப்பங்க வரும்?” என்று கேட்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டபோதே கை தட்டத் தோன்றியது.

குடோனைச் சுற்றிப் பார்த்த பூங்கொடி ஒரு பெட்டியைத் தட்டினார். விழுந்த புழுவை உள்ளங்கையில் வைத்துச் சிரித்தார்.

“ஏனுங்க தம்பி, குளவிக்குத் தீனி வேணும்னு இதே சாதிப் புழுவை நான் கம்பு வாங்கிப் போட்டு வளர்த்தறனுங்க. நீங்க அத்திப்பழமே போட்டு வளர்த்தறீங்க. உங்க புழு வசதியான ஊட்டுப் புழுவுங்க!”

சிவகுமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால், சிரித்துவிட்டு வேலையில் இறங்கினால் பூங்கொடி வேறு ஆள். புழு விழுந்த பெட்டிகளை முதலில் வெளியேற்ற வைத்தார். தரை விரிசல், அலமாரி இடுக்கு எல்லாம் பிரஷ் போட்டுச் சுத்தம். அதற்குப் பிறகுதான் குளவி. சின்னச் சின்னக் குழாய்களில் கொண்டுவந்து, வரிசைக்கு ஒன்றாக, வாரம் தவறாமல் திறந்துவிட்டார். “ஒருக்கா உட்டுப்போட்டு மறந்துடற வேலை இல்லீங்க இது” என்பார். மூன்றாவது வாரம் புழு கண்ணில் படுவது அபூர்வமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் நான் போனேன். பூங்கொடி, குளவி என்று இதுவரை சொன்னதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை.

சிவகுமாரின் மனைவி ஆனைமலைக்கு, மாசாணியம்மனிடம் வேண்டிக்கொள்ளப் போயிருந்தார். சிவகுமார் பழம் வாங்க மார்க்கெட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம்... அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையன்று குடோனுக்குச் சாம்பிராணி காட்டாமல் இருந்ததே இல்லை. பாவம், ஊர்ப்பட்ட கவலையில் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது – என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு உதவி செய்வோமே!

சும்மாவா செய்தேன்? வேப்பிலை, நொச்சி இலை எல்லாம் பறித்துப் போட்டு, ஜன்னல் பக்கம் பொடிப்பொடியாய்ப் பறந்துகொண்டிருந்த பூச்சிகளைப் பார்த்து, ‘ஓ, நீங்கள்தானா அது’ என்று புகையைக் குறிபார்த்து அங்கேயே வைத்தேன். கதவைச் சாத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் ஜன்னல் விளிம்பெல்லாம் கடுகு கொட்டினாற்போல் செத்துக் கிடந்தன. வெற்றிப் பெருமிதத்தோடு போன் போட்டேன்.

“மாப்ளே! பூச்சியெல்லாம் காலி! ஒண்ணு விடலே!”

  

“மாமா...” என்றார் சிவகுமார். “அதுக நம்ம ஆளுகளுங்க மாமா.”

அன்று இரவு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கம்பெனி ஆள் வருவதற்குப் பத்தே நாள். எட்டுப் பெண்களின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவன், வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை! அந்தப் பெண்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலையில் வழக்கம்போல் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். வெட்கமாக இருந்தது.

பூங்கொடி மொபெட்டில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“சாமி கும்புட்டீங்களாக்குமுங்ணா?”

“தெரியாம செஞ்சுட்டேம்மா. புழுவாவது செத்திருக்குமா?”

“அதெங்கீங்க சாவுது? புழு பழத்துக்குள்ள கம்முனு படுத்துக்குச்சு. காவலுக்குச் சுத்துனதுகளுக்குத்தான் புகை.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டி இடுக்காகப் பார்த்தார். வெள்ளையாய், அரிசி நொய் அளவில் குளவிக் கூடுகள் ஒட்டியிருந்தன. “கூட்டுக்குள்ள இருக்கறது தப்பிச்சிருக்குமுங்க. ஆனா பத்தாது.” பிறகு யாருக்கோ போன் செய்தார். ஒரு தோப்புக்காரருக்கு அன்றைக்குத் தருவதாகச் சொல்லி வைத்திருந்த குளவிகளைக் கேட்கிறார் என்று புரிந்தது. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: “மரம் நாலு நாளைக்குத் தாங்குமுங்க அம்மணி. பழத்துக்கு முந்திக் குடுங்க.” அந்த மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும்.

குழாய்கள் வந்தன. “நீங்களே தொறந்து உடுங்ணா” என்று என் கையில் கொடுத்தார் பூங்கொடி. தண்டனையா, பிராயச்சித்தமா தெரியவில்லை. ஒவ்வொரு குழாயிலும் தேன் தொட்ட பஞ்சு – வழிப்பயணத்துக்குச் சாப்பாடு. திறந்தேன். வெளியே வந்து, மீசையை ஆட்டி மோப்பம் பிடித்து, எதையோ தேடிக்கொண்டு புறப்பட்டுவிட்டன.

பூங்கொடி ஒரு லென்ஸைக் கொடுத்தார். நூலாம்படைக்குள் ஒளிந்திருந்த ஒரு புழு. அதன் பக்கத்தில் ஒரு குளவி – புழுவில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா? சுற்றி வந்தது, நின்றது, ஒரே கொட்டு. நெளிந்துகொண்டிருந்த புழு சற்று நேரத்தில் அசையாமல் கிடந்தது.  எத்தனை பெரிய புழுக்களைப் பார்த்து நான் வாழ்க்கையில் ஒதுங்கிப் போயிருக்கிறேன்!

“புழு தீந்துபோனா இதுக என்னாகும்?” என்றேன்.

“தின்ன ஒண்ணும் இல்லாம இதுகளும் தீந்துருமுங்க. பழத்தைத் தொடாதுங்க, மனுசனையும் ஒண்ணும் பண்ணாது. பாக்கெட் போடறதுக்கு முந்தி ஊதிச் சலிச்சுட்டாச் சரி.”

வந்த வேலையை முடித்துவிட்டு, மாலை மரியாதை கேட்காமல், பதவி நீட்டிப்பும் கேட்காமல் போய்விடுகிறவர்களை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கம்பெனி ஆள் வந்தார். பேச்சில்லாத மனிதர். கத்தியை எடுத்து அத்தியை அரிந்தார், நேந்திரத்தை அரிந்தார், தனக்குப் பிடித்த பெட்டியை எல்லாம் இறக்கச் சொன்னார். எட்டுப் பெண்களும் வரிசையாய் நின்று அந்தக் கத்தியையே பார்த்தார்கள். சிவகுமாரின் சட்டை முதுகு நனைந்துவிட்டது. புழு இல்லை. ஒன்றுகூட இல்லை.

கிளம்பும்போது ஜன்னலோரம் நின்றார். “இது என்ன பூச்சி?”

 பூங்கொடிதான் முன்னால் வந்தார்.

“அது பூச்சி இல்லீங்க சார். எங்க காவலுங்க.”

லென்ஸை நீட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். பத்து நிமிடம் பூங்கொடியிடம் கேள்வி கேட்டார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்புறம் ஃபார்மில் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் தப்பியது. ட்ரையரும் தப்பியது. ஒரு பெண் ஓவென்று அழுதேவிட்டார். நானும்தான், சொல்வதற்கென்ன.

ஆறு கால் தெரிந்தாலே அடிக்கக் கை ஓங்குகிற நாம், அது யார் பக்கத்து ஆள் என்று ஒரு நிமிடம் விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

போன வாரம் மறுபடி கிணத்துக்கடவு போயிருந்தேன். குடோன் கதவில் புதிதாக ஒரு போர்டு: ‘சாம்பிராணி உள்ளே வரக் கூடாது.’

அதற்குக் கீழே சாக்பீஸில், யார் கையெழுத்தோ: ‘மாமாவும்.’